குஞ்சம் காட்டிய திசை

எனக்குக் கடலில் குளிக்கப் பிடிக்காது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். துறைமுகத்தில் கப்பல்களின் அடிப்பக்கத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் டைவராகப் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். ஆனாலும் வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரை வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டால்தான் மனிதனாவேன். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவன். கை பிசுபிசுத்தால் நூல் ஒட்டும் என்று சின்ன வயதிலேயே திட்டு வாங்கி வளர்ந்த உடம்பு.

டீ நன்றாக இருக்கிறது இன்ஸ்பெக்டர் ஐயா, நன்றி. விபத்து என்று எழுதி முடித்த கேஸுக்கு நீங்களாக ஏன் வந்தீர்கள் என்று கேட்டீர்கள். எஸ்தர் பதறிவிட்டாள் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறதாம். பேப்பரிலும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். இடுப்பில் கத்தி இருந்தும் பயத்தில் அதை எடுக்கத் தோன்றாமல் வலையில் மாட்டி இறந்தாள் என்று. அது தப்பு. எஸ்தர் பதறுகிற பெண் இல்லை. அவளுக்கு டைவிங் கற்றுக்கொடுத்தவன் நான். அதைத் திருத்தத்தான் வந்தேன். மயில்வாகனம் விஷயமும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

காது கெட்டுப்போய்த் துறைமுக வேலையை விட்டு ஊருக்குத் திரும்பியபோது என்னை யாரும் கொண்டாடவில்லை. தறியை விட்டு ஓடினவன் என்பதுதான் தெருவில் எனக்குப் பெயர். உதயகுமார் என்றால் யாருக்கும் தெரியாது, "ஓடிப்போன உதயன்" என்றால் தெரியும். என் தம்பி நெய்துகொண்டிருந்தான். நான் அவன் தறிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பாலாறு கடலில் சேரும் இடத்தில் மீன் பிடிக்கிறவர்கள் சொன்னார்கள், ஓரிடத்தில் வலை எப்போதும் மரத்தில் மாட்டிக் கிழிகிறது என்று. போய் இறங்கிப் பார்த்தேன். மணலுக்குள் பாதி புதைந்த ஒரு கப்பல். ஆணி இல்லை. பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்திருந்தார்கள். ஐயா, அந்தத் தையலைக் கையால் தடவியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையைத் தாண்டி ஓடுகிற அதே ஆறு. எங்கள் ஊரிலிருந்து பட்டுத்துணி ஏற்றிக்கொண்டு போன கப்பலாக இது ஏன் இருக்கக்கூடாது என்று நினைத்தேன். கரை ஏறுவதற்குள் "ஏன் இருக்கக்கூடாது" என்பது போய்விட்டது. அது பல்லவர் காலத்துக் கப்பல் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஊரில் சொன்னேன். பல்லவர் செப்பேடு கிடைத்த கூரம் நமக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, நம் ஊர்க் கப்பல் கிடைத்தால் என்ன அதிசயம் என்று கூட்டத்தில் பேசினேன். அந்த வருஷத் திருவிழாவில் எங்கள் தெருக் கோயிலில் எனக்குப் பரிவட்டம் கட்டினார்கள். சாமிக்குச் சாத்திய துணியை என் தலையில் சுற்றினார்கள். என்னை ஓடிப்போனவன் என்று சொன்ன அதே பெரியவர்கள் கைதட்டினார்கள். அம்மா இருந்திருந்தால் அழுதிருப்பாள். நான் அழுதேன், மறைக்கவில்லை.

சம்பளமில்லாமல் உழைக்கத் தயாராக இருந்தவர்களைத் திரட்டிப் பயிற்சி கொடுத்தேன். எங்கள் தெரு நெசவாளி மயில்வாகனம், பள்ளிக்கூட டீச்சர் துர்காதேவி, இன்னும் சிலர். எஸ்தர் பக்கத்துக் கிராமம், மாகறல்காரி. அவளுடைய தாத்தா காலம்வரை அடுத்தவன் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். அப்பா தனசேகரன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அவள் ரங்கசாமி குளம் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தாள். அதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நாள் முழுவதும் சாம்பல் நிறத்தில் தெரிகிற நிழலைப் பார்த்து இது கல், இது கட்டி, இது ஒன்றுமில்லை என்று பிரித்துப் பழகியவள் அவள். கலங்கல் தண்ணீரில் மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

பயிற்சி மாகறலில் ஒரு விவசாயக் கிணற்றில். இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா, பட்டப்பகலிலேயே கீழே இருட்டாகத்தான் இருக்கும். அது போதாதென்று மாஸ்க்கின் மேல் கறுப்புத் துணி கட்டுவேன். ஏனென்றால் கப்பலில் வேலை செய்யும்போது மணலைக் கொஞ்சம் கிளறினாலே கண் தெரியாது. அப்போது வழி காட்டுவது கயிறு ஒன்றுதான். நங்கூரக் கயிற்றின் அடியிலிருந்து கப்பலின் முழு நீளத்துக்கும் ஒரு கயிறு கட்டியிருப்பேன். அளப்பதும் வரைவதும் அந்தக் கயிற்றை வைத்துத்தான், திரும்பி வருவதும் அதைப் பிடித்துத்தான்.

கயிற்றின் ஒரு முனை படகுப் பக்கம், மறு முனை கப்பலின் கடைசிப் பக்கம். வேலையில் நாலு தடவை திரும்பினால் எது எந்தப் பக்கம் என்று மறந்துபோகும். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். புடவையை அறுத்து எடுத்த பிறகு தறியில் கொஞ்சம் பாவு நூல் மிஞ்சும். அந்தப் பட்டு நூலைச் சின்னச் சின்னக் குஞ்சங்களாக்கிக் கயிறு நெடுகக் கட்டினேன். ஒரு பக்கம் உருண்டையாக முடிச்சு, மறு பக்கம் மெலிந்து கயிற்றோடு படிந்த வால். விரலால் தடவினால் கண்ணில்லாதவனுக்கும் புரியும். வால் காட்டுகிற பக்கம் படகு. இந்த யோசனை என்னுடையது. வேறெங்கும் கிடையாது.

கூடவே இரண்டு பாடங்கள். கயிறு ஒரு தடவை இழுபட்டால் நலம், விடாமல் இழுபட்டால் சிக்கிக்கொண்டேன், வா. இன்னொன்று, என்ன ஆனாலும் கயிற்றை விடாதே. விட்டால் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும், மேலே படகுகள் வேறு போகின்றன.

எஸ்தர் ஒருநாளும் விடவில்லை. மயில்வாகனம் ஒவ்வொரு தடவையும் விட்டான். கொஞ்சம் இருட்டினால் போதும், கயிற்றை உதறிவிட்டு மேலே வந்து கிணற்றுப் படிக்கட்டைக் கட்டிக்கொள்வான்.

"இன்னாப்பா, தறியில இழை அறுந்தா உயிரே போன மாதிரி ஓடுற. கயிறுன்னா மட்டும் உட்டுடற?" என்று கேட்பேன்.

"தறி எங்க ஊட்ல இருக்குதுண்ணே. இது பாதாளத்துல இருக்குது" என்பான். எஸ்தர் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அவர்கள் இருவரையும் ஜோடியாகப் போட்டேன். நல்ல மாணவியோடு மோசமான மாணவனைச் சேர்ப்பதுதான் முறை. நான் வித்தியாசம் பார்க்கிற ஆள் இல்லை ஐயா. எங்கள் வீட்டுக்கு வந்தால் எஸ்தர் உள்ளே வந்து நாற்காலியில்தான் உட்காருவாள். எங்கள் டம்ளரிலேயே காபி கொடுப்போம்.

அப்படித்தான் ஒரு மத்தியானம் வந்தாள். தம்பி தறியில் இல்லை. தறிக்குழிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். காபியைக் குடித்து முடித்தாள்.

"சார், கோச்சிக்காதீங்க. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்மா."

"கப்பல் ஆடாம இருக்கிறதுக்கு அடியில கல்லு போட்டுருக்காங்கல்ல, அந்தக் கல்லுக்குக் கீழ ஒரு பாட்டில் இருக்குது சார். கோலி சோடா பாட்டில். கழுத்துல கோலி கூட இருக்குது."

யாராவது குடித்துவிட்டுக் கடலில் எறிந்திருப்பார்கள், உருண்டு போய் உள்ளே புகுந்திருக்கும் என்றேன்.

"நானும் அதான் நினைச்சேன் சார். ஆனா கல்லு ஒண்ணுமே கலையல. பாட்டில் மேல கல்லு, கல்லு மேல மண்ணு. கல்லு போடறதுக்கு முன்னாடியே அது அங்க இருந்துருக்குது. கரையில ஒரு தாத்தாவ கேட்டேன். அவங்க அப்பா காலத்துல கூட இப்படிக் கயித்துல தைச்ச தோணிலதான் உப்பு ஏத்துவாங்களாம். இது உப்புத் தோணியா இருக்கும்னு சொன்னாரு."

தோணி என்றாள். நான் கப்பல் என்று சொல்லிச் சொல்லி ஊரே கப்பல் என்று சொல்லிக்கொண்டிருந்தது. மாகறல் பெண் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் டம்ளரில் காபி குடித்துவிட்டு, தோணி என்றாள். இதை இப்போது சொல்லும்போது என் புத்தி எப்படி ஓடியது என்று எனக்கே கேட்கிறது. துர்காதேவி டீச்சர் சொல்லியிருந்தால் அவ்வளவு சுட்டிருக்காதோ என்னவோ.

சென்னையிலிருந்து தொல்லியல் நிபுணர்கள் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களிடம் சொல்லப் போகிறாயா என்று கேட்டேன்.

"நான் எதுக்கு சார் சொல்றேன்? நீங்களே சொல்லிடுங்க. உங்க வாயால சொன்னாதான் மரியாதையா இருக்கும். நீங்கதான கண்டுபிடிச்சீங்க, அது மாறாதுல்ல?"

"நான் சொல்லாவிட்டால்?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. "அப்ப நான் சொல்லித்தான் சார் ஆகணும். பார்த்தத பார்த்தபடி வரையணும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க" என்றாள். டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

ஒன்றை மறைத்துவிட்டேன் ஐயா. அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்துத் தறிக்குழியில், மிதிகட்டைக்கு அடியில், சாக்கில் சுற்றி இரண்டு கோலி சோடா பாட்டில்கள் இருந்தன. இப்போதும் இருக்கின்றன, ஆளனுப்பி எடுத்துக்கொள்ளலாம். பரிவட்டம் கட்டிய பிறகு ஒருநாள் தனியாக இறங்கிக் கற்களைக் கிளறியபோது எனக்குக் கிடைத்தவை. வேறு பாட்டில் இருக்காது என்று நம்பிவிட்டேன். அவள் எனக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை.

இனி அமாவாசை. எங்கள் நெசவாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமையெல்லாம் லீவு கிடையாது, அமாவாசைதான் லீவு. அன்றைக்குத் தறியில் உட்காரமாட்டார்கள். நிபுணர்கள் வருவதற்குள் ஒரு தடவை இறங்கி அளவெல்லாம் சரிபார்த்துவிடலாம் என்று சொன்னபோது மயில்வாகனம்தான் கேட்டான். "அமாவாசையில வெச்சுக்கலாம்ணே. மத்த நாள்னா முதலாளி கத்துவாரு. முகூர்த்தப் பொடவை வேற நெய்துக்கினு கிறேன்."

கடலைப் பற்றி ஒன்றும் தெரியாத ஊர் எங்களுடையது. அமாவாசையில் நீரோட்டம் முறுக்கும், ஆற்று வாயில் அடிமண் முழுவதும் எழும்பிக் கலங்கும் என்று மீனவனைக் கேட்டால் சொல்வான். நெசவாளிக்கு அமாவாசை என்றால் தறி நிற்கிற நாள், அவ்வளவுதான். எனக்கு இரண்டும் தெரியும். முன்பெல்லாம் அவன் அமாவாசை கேட்டால் மறுத்துவிடுவேன். அந்தத் தடவை "சரிப்பா, உன் இஷ்டம்" என்றேன். எல்லாரும் கேட்கும்படி சொன்னேன்.

யார் இறங்கினாலும் முதலில் நான் இறங்கிக் கயிற்றைச் சரிபார்ப்பது வழக்கம். அன்றும் இறங்கினேன். கப்பலின் கடைசிப் பக்கத்தில் ஒரு பழைய நைலான் வலை மாட்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று சொல்லியிருந்தேன். அவர்கள் வேலை செய்யும் நடுப்பகுதியிலிருந்து வலை வரைக்கும் இருந்த குஞ்சங்களை அவிழ்த்து, வாலைத் திருப்பிக் கட்டினேன். நடுப்பகுதிக்கு இப்பால் படகு வரைக்கும் இருந்தவற்றையும் அப்படியே. போகும்போது யாரும் குஞ்சத்தைத் தடவிப் பார்ப்பதில்லை, திரும்பும்போதுதான். பட்டு நூல் ஈரத்தில் வழுக்கும். ஆனால் முடிச்சுப் போடும் கை இது, தாமதமாகவில்லை.

அவளைப் பயமுறுத்தத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வலையில் கொஞ்சம் மாட்டட்டும், நடுங்கிப் போய் மேலே வரட்டும், இனி இறங்கவே மாட்டாள் என்று. பல நாள் இதை நம்பினேன். நம்பிக்கொண்டே இருந்திருக்கலாம், கத்தி விஷயம் மட்டும் இல்லையென்றால். முதல்நாளே அவளிடமும் மயில்வாகனத்திடமும் கத்தியைச் சாணை பிடித்துத் தருவதாக வாங்கி வைத்திருந்தேன். படகில் அவள் வெறும் உறையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"சார், கத்தி?"

"இன்றைக்கு அளவு எடுக்கிறது மட்டும்தானேம்மா. மரத்தில் கீறல் பட்டுவிடும். வேண்டாம்" என்றேன்.

தலையாட்டினாள். பயமுறுத்த நினைக்கிறவன் கத்தியை வாங்கி வைக்கமாட்டான் ஐயா.

இருவரும் இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் மயில்வாகனம் படகுக்குத் தூரத்தில் தலையைத் தூக்கிக் கத்தினான். கீழே ஒரே கலங்கல், பயந்துபோய்க் கயிற்றை விட்டுவிட்டான். வழக்கம்போல. அதனால் பிழைத்தான். அவன் குஞ்சத்தைத் தடவிப் பார்க்கவேயில்லை. எஸ்தர் தடவிப் பார்த்திருப்பாள், வால் எந்தப் பக்கம் என்று நிதானமாகப் பார்த்து, நான் சொல்லிக்கொடுத்தபடி அந்தப் பக்கம் போயிருப்பாள்.

"அண்ணே, எஸ்தரு வரல. கூடவே இருந்துச்சுண்ணே, நான்தான் உட்டுட்டேன்" என்று மயில்வாகனம் படகைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் சிலிண்டரை மாட்டிக்கொண்டு குதித்தேன். எல்லாரும் பார்த்தார்கள். உயிரைப் பணயம் வைத்து இறங்கினார் என்று பேப்பரில் கூட வந்தது.

கீழே போய்க் கயிற்றைப் பிடித்தேன். இழுபட்டுக்கொண்டிருந்தது. விடாமல் இழுபட்டது. கிணற்றில் நான் கற்றுக்கொடுத்த அதே இழுப்பு, அவசரமில்லாமல், சம இடைவெளியில். சிக்கிக்கொண்டேன், வா.

நான் குஞ்சங்களைப் பழையபடி திருப்பிக் கட்டத் தொடங்கினேன். பிறகு யாராவது இறங்கினால் கண்டுபிடித்துவிடுவார்களே என்று தோன்றியது. படகுப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்து, வாலை மாற்றிக் கட்டிக்கொண்டே போனேன். கட்டும்போது கயிறு என் கைக்குள் அசைந்துகொண்டே இருந்தது. நடுப்பகுதியைத் தாண்டியும் அசைந்தது. கடைசிக் குஞ்சத்தைக் கட்டி முடித்தபோது கயிறு சும்மா இருந்தது. அதன் பிறகுதான் அவளிடம் போனேன். வலையை அறுத்தேன். நான் வாங்கி வைத்திருந்த அவள் கத்தியை அவள் உறையில் செருகினேன். அவளுடைய வலது கை கயிற்றை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அந்த அசைவு என் உள்ளங்கையில் இருக்கிறது. தம்பி தறியில் அதே சம இடைவெளியில் நாடா எறிந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். நான் பாவி ஐயா. இதை அலங்கரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

துக்கம் விசாரிக்க மாகறலுக்குப் போனேன். போகாமல் எப்படி இருப்பது. தனசேகரன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எம் பொண்ணு கடைசி வரைக்கும் நீங்க சொன்னத கேட்டுச்சா சார்? எதனா தப்பு பண்ணிடுச்சா?"

"கேட்டாள். ஒரு தப்பும் செய்யவில்லை" என்றேன். அங்கே நான் சொன்ன ஒரே உண்மை அது. அவர் அதைக் கேட்டு ஆறுதலடைந்தார்.

வாசலில் மயில்வாகனம் மண்ணில் உட்கார்ந்திருந்தான். தினமும் வந்து உட்காருகிறானாம். அமாவாசை கேட்டது நான்தான், கயிற்றை விட்டதும் நான்தான், என்னை அடிங்க என்று எஸ்தரின் அம்மாவிடம் சொல்கிறானாம். அந்த அம்மாள் முதல் இரண்டு நாள் அடித்தாராம், இப்போது அவனுக்கும் சேர்த்துச் சோறு போடுகிறாராம். முகூர்த்தப் புடவை பாதியில் நிற்கிறது. போன வாரம் அவன் வீட்டு விட்டத்தில் கயிறு போட்டுவிட்டான். பெண்டாட்டி பார்த்துக் காலைப் பிடித்துத் தூக்கியதால் பிழைத்தான். அதனால்தான் ஐயா வந்தேன். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று நீங்களே அவனிடம் நேரில் சொல்லவேண்டும். எஸ்தர் பதறவில்லை என்று பேப்பருக்கும் சொல்லவேண்டும்.

எனக்காக எதையும் கேட்கவில்லை. வக்கீல் வேண்டாம். ஜாமீன் வேண்டாம். கடைசிவரை உள்ளேயே வையுங்கள், அது நியாயம். திட்டம் போட்டுத்தான் கொன்றேன், கயிறு இழுபடும்போதே அவளைச் சாகவிட்டேன் என்று நீங்கள் எந்த வார்த்தையில் எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

எழுதும்போது காரணம் என்று ஓரிடம் வரும் இல்லையா. அங்கே முன்விரோதம் என்று போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டிலைப் பற்றி உங்களுக்கு மட்டும்தான் சொன்னேன், அது வெளியே போக வேண்டாம். இத்தனைக்கும் பிறகு அதைத் தோணி என்று எழுதிவிடாதீர்கள் ஐயா. அது பல்லவர் காலத்துக் கப்பல்.